சபாபதியின் தக்காளிக்கு வந்த குறை

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன அந்த வருஷத்தில் மலாய் நாட்டில் செழித்து வளர்ந்தவை இலாகாக்கள் மட்டும்தான். ஆட்களைக் குறைக்க ஓர் இலாகா, குறைத்தவர்களைக் கப்பலேற்ற ஓர் இலாகா, குறைத்தது போதுமா என்று பார்க்க இன்னோர் இலாகா. இவற்றில் கடைக்குட்டி, பயிர்க்குறை இலாகா. கோலாலம்பூரில் பழைய குதிரை லாயம் ஒன்றுக்கு வெள்ளையடித்து அதைக் குடிவைத்தார்கள். மண்ணில் எந்தத் தாதுச் சத்து குறைந்ததால் எந்தப் பயிர் வாடுகிறது என்று கண்டுபிடிப்பது அதன் கடமை. கண்டுபிடித்த பிறகு அந்தப் பயிரை என்ன செய்வதென்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதை சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் கேட்டை அடைத்துத் திறக்கிற வேலை சபாபதிக்கு. ரயில் வந்தால் அடைப்பான், போனால் திறப்பான். நடுவில் காத்து நிற்கிற மாட்டுவண்டிக்காரர்களும் ரிக்‌ஷாக்காரர்களும் அவனைத் திட்டுவார்கள். அதையும் சம்பளத்தில் சேர்த்தி என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறையும் அடுப்படியுமாக ஒரு குடியிருப்பு. அதில் அவனும் அவன் மனைவி வீரம்மாவும். வீரம்மா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நாகப்பட்டினம் என்பது அவளுக்கு, பெரியவர்கள் பெருமூச்சு விடும்போது கூடவே வருகிற ஒரு சொல், அவ்வளவுதான்.

அந்த நாகப்பட்டினம் இப்போது அவர்கள் வாசலுக்கே வந்துவிட்டது. குடியிருப்புக்காரர்கள் எல்லாரும் வீட்டுக் கொல்லையில் காய்கறி போட வேண்டும் என்று கட்டளை. செடி நன்றாக இருந்தால் ஆள் உழைப்பாளி, வேலையில் இருக்கலாம். செடி சோர்ந்திருந்தால் ஆள் சோம்பேறி. கிள்ளான் துறைமுகத்தில் நாகப்பட்டினத்துக்கு அடுத்த கப்பல். மனிதனை அளப்பதற்கு இதைவிட நேர்மையான முழக்கோல் உண்டா என்று ஒரு துரை கூட்டம் போட்டுப் பேசியதாகச் சொல்வார்கள். அந்தத் துரையின் தோட்டத்தைத் தோட்டக்காரர்கள்தாம் பார்த்துக்கொண்டார்கள்.

வீரம்மா பாசார் சந்தையில் அழுகலென்று ஒதுக்கிப்போட்ட தக்காளியை எடுத்து வந்து, விதையைப் பிழிந்து சாம்பலில் புரட்டிப் போட்டாள். முளைத்த நாற்றில் ஒன்று மட்டும் பிழைத்தது. பிழைத்தது சும்மா இருக்கவில்லை. கிடுகிடுவென்று வளர்ந்து பூவும் பிஞ்சும் வைத்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. கப்பல் பயம் போய்விட்டது என்றே நினைத்தார்கள். அப்போதுதான் அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கின. நரம்பெல்லாம் பச்சையாகவே இருக்க, நரம்புக்கு நடுவே மட்டும் மஞ்சள். யாரோ உட்கார்ந்து கட்டம் கட்டி வரைந்த மாதிரி இருந்தது.

அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்றாள் வீரம்மா. சபாபதி கேட்கவில்லை. அவன் கொடி காட்டினால் ரயிலே நிற்கிற உத்தியோகத்தில் இருப்பவன். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பது அவன் கட்சி. இதற்கென்றே சர்க்கார் ஓர் இலாகா வைத்திருக்கும்போது நாமாகச் சாம்பல் போடுவதாவது என்று சட்டையை மாட்டிக்கொண்டு குதிரை லாயத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பது இவனைப் பார்த்துச் சொன்னதுதான்.

மறுநாளே இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஒரே இலாகாவிலிருந்து ஒரே தெரு வழியாக, ஒருவருக்கொருவர் தெரியாதவர்களைப் போல வந்தார்கள். முன்னால் வந்தவர் வல்லிபுரம், யாழ்ப்பாணத்தவர், மூடிய கோட்டு, மடிப்புக் கலையாத குடை. மூத்த இலைகளுக்கு அதிகாரி. பின்னால் வந்தவர் கந்தப்பு. அவரும் அந்த ஊர்தான், அதே மாதிரிக் குடைதான். இளைய இலைகளுக்கும் காய்களுக்கும் அதிகாரி. வல்லிபுரம் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து அடியிலைகளை மட்டும் பார்த்தார். மேலே ஒரு கொழுந்து அவர் மூக்கில் உரசியது. அதைக் கண்டுகொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சபாபதி பயந்து பயந்து, சாமி, செடிக்கு என்ன என்று கேட்டான். வல்லிபுரம் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இஞ்ச பாரும். செடிக்கு மக்னீசியம் எண்டொரு சத்து பத்தாட்டில், அது கீழ இருக்கிற கிழட்டு இலையில இருந்து உறிஞ்சி மேல கொழுந்துக்குக் குடுக்கும். ஆனபடியா கீழ் இலை மஞ்சளாகும். இரும்புச் சத்து அப்படி இடம் மாறாது. அது பத்தாட்டில் கொழுந்து மஞ்சளாகும். கீழ் இலை என்ர பொறுப்பு. கொழுந்து மஞ்சளாகிச் செத்தாலும் எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளங்குதோ?"

சபாபதிக்கு நன்றாக விளங்கியது. கீழே இருப்பவனை உறிஞ்சி மேலே இருப்பவனுக்குக் கொடுப்பது அவன் பார்க்காத சங்கதியா? செடியும் இப்படித்தான் என்பது மட்டும் அவனுக்குப் புதிது.

பிறகு நடு இலை யாருடையது என்று சண்டை வந்தது. அது மூத்ததா இளையதா என்று இரண்டு பேரும் ஆங்கிலத்தில் வாதாடினார்கள். சூடு ஏறியதும் தமிழுக்கு வந்தார்கள். கடைசியில் வீரம்மாவிடம் ஒரு நூல் வாங்கித் தண்டின் நடுவில் கட்டினார்கள். நூலுக்குக் கீழே வல்லிபுரம், மேலே கந்தப்பு. ஆனால் செடி வளர்கிற ஜாதியாயிற்றே. இன்றைய கொழுந்து நாளைக்கு மூத்த இலை. அதனால் நூலை அவ்வப்போது ஏற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு பேரும் கூடவே இருக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் செடியின் பக்கம் போகக்கூடாது என்று அங்கேயே ஒரு விதி பிறந்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் வேலையில்லை. இரண்டு பேரும் மாறி மாறிக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

போகும்போது சபாபதிக்கு மூன்று கட்டளை போட்டார்கள். செடிக்கு எதையும் போடக்கூடாது. போட்டால் சாட்சியைக் கலைத்த குற்றம். செடியைப் பிடுங்கக்கூடாது, பிடுங்கினால் சாட்சியை அழித்த குற்றம். செடி சாகவும் கூடாது. செத்தால் அது சோம்பேறித்தனம், கப்பல். அப்படியானால் நான் என்னதான் சாமி செய்றது என்று கேட்டான் அவன். கவனமாகப் பார்த்துக்கொண்டிரு என்றார் கந்தப்பு.

பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டை அடைத்துவிட்டு ஓடி வந்து பார்ப்பான். திறந்துவிட்டு ஓடி வந்து பார்ப்பான். மஞ்சள் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு ஏறியது. பக்கத்துக் குடியிருப்புகளில் ஒவ்வொருவராகத் தகரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போனார்கள். அவர்களுக்காகவும் இவன்தான் கேட்டை அடைத்தான். அவர்கள் ஜன்னலிலிருந்து கையசைக்கும்போது இவன் கொடி பிடித்த கையையே அசைப்பான். நடுக்கடலில் வாந்தி எடுத்துக்கொண்டு, தெரியாத ஊரில் போய் இறங்கி, யார் வீட்டு வாசலில் நிற்பது? வீரம்மாவுக்கு அங்கே ஒரு நாய்கூடத் தெரியாது. அவள் மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். ஆத்தா, செடி பச்சையாகட்டும், வேறொன்றும் கேட்கவில்லை என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சபாபதி குதிரை லாயத்துக்குப் போய் வல்லிபுரத்தின் காலில் விழுந்தான். வல்லிபுரம் கல்நெஞ்சக்காரர் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். குறை மக்னீசியம்தான், சந்தேகமே இல்லை. மருந்து சொல்வது இந்த இலாகாவின் வேலையில்லை; ஆனாலும் மனிதனுக்கு மனிதன் சொல்கிறேன், பேதி உப்பில் இருப்பது மக்னீசியம்தான்; அதைத் தண்ணீரில் கரைத்து யாரும் பார்க்காதபோது வேரில் விடு.

பேதி உப்பு தர்மாஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும். அங்கே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸராக இருந்த வேலாயுதம் கண்டிப்பான ஆள். பேதி மருந்தை வாங்கிப் போய் பாசாரில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, தன் கண் முன்னால் குடித்தால்தான் தருவார். இது எனக்கில்லை, தக்காளிக்கு என்று சபாபதி உண்மையைச் சொன்னான். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன்னால் யாரும் அப்படியொரு உண்மையைச் சொன்னதில்லை.

"தக்காளிக்கு வயிறு எங்கடா இருக்கு? செடிக்கு வியாதின்னா செடியக் கூட்டியா. உனக்குன்னா வாயத் தொற."

வாய்க்குள் அடக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று பார்த்தான். வேலாயுதம் 'ஆ' காட்டச் சொன்னார். விழுங்க வேண்டியதாயிற்று. மலச்சிக்கல் மூளைக்கு ஏறிவிட்டதென்று தீர்மானித்து, வாரம் முழுக்கத் தினம் வந்து குடிக்கும்படி உத்தரவும் போட்டார். வராவிட்டால் ஆள் அனுப்புவாராம்.

இதற்கப்புறம் நடந்ததைச் சபையில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடியிருப்புக்காரர்களின் கக்கூஸ் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சபாபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற நேரம் கிள்ளான் கூட்ஸ் வண்டி வருகிற நேரம். கேட்டை அடைப்பதும் அவனே. அடைத்த கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு தவிப்பதும் அவனே. கூட்ஸ் வண்டியோ மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகளைப் போல ஊர்ந்தது. பெட்டிக்கு மேல் பெட்டி. வேறு வழி? கொல்லைப்பக்கம்தான். அங்கே மறைவுக்கு இருந்ததும் அந்த ஒரு தக்காளிச் செடிதான். முதல் நாள் அழுதேவிட்டான். வீரம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணை நனைத்து, கொத்திப் புரட்டி மூடினாள். வாரம் முழுக்க இதே கதை.

உப்பு எந்த வழியாகப் போனால் என்ன, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. கொஞ்ச நாளில் மஞ்சள் வடிந்தது. இலைகள் கரும்பச்சையாக நிமிர்ந்தன. சபாபதி எலும்பும் தோலுமாகியிருந்தான், செடி குண்டாகியிருந்தது. வீரம்மா மாவிளக்குக்கு அரிசி ஊறப்போட்டாள்.

அன்று சாயங்காலம் கொட்டுகிற மழையில் வல்லிபுரம் குடையோடு வந்து வாசலில் நின்றார். கந்தப்பு கூட இல்லாததால் விதிப்படி கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தில் ஒரு பிரகாசம். தாம் பேதி உப்பு சொன்ன நினைவே அவருக்கு இல்லை. லண்டனிலிருந்து வந்திருக்கும் பெரிய துரை சனிக்கிழமை காலை இந்தச் செடியைப் பார்க்க வருகிறாராம். மக்னீசியக் குறைக்கு இதைப் போல இலட்சணமான செடி கிழக்குத் தேசத்திலேயே இல்லையென்று இவர் மேலிடத்தில் சொல்லிவைத்திருக்கிறாராம். கப்பலேற்றுகிறவர்கள் பட்டியலில் ஏறியிருந்த சபாபதியின் பேரை எடுக்கவும் ஏற்பாடு செய்துவிட்டாராம். செடிக்கு இப்போது கொஞ்சம் தேவலை சாமி என்று இழுத்தான் சபாபதி.

வல்லிபுரத்தின் பிரகாசம் அணைந்தது.

"தேவலையோ? என்ன காணும் சொல்லுறீர்? குறை இல்லாட்டில் எங்கட இலாகா எதுக்கு எண்டு துரை கேப்பார். பூட்டுப் போட்டிடுவினம். பிறகு நான் யாழ்ப்பாணம், நீர் நாகப்பட்டினம். சனிக்கிழமை அந்தச் செடியில குறை இருக்க வேணும்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சபாபதி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். செடி வாடினால் கப்பல் என்றார்கள். இப்போது வாடாவிட்டாலும் கப்பல் என்கிறார்கள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. விழுங்கியதன் பலனும் இப்படியாகிவிட்டது. வீரம்மா ஊறிய அரிசியைப் பார்த்தாள். ஆத்தாளிடம் இப்போது போய் மஞ்சளாக்கு என்று கேட்டால் அவள் என்ன நினைப்பாள்?

கேட்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் அம்மியில் விரலி மஞ்சளை வைத்து அரைக்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாய் என்றான் சபாபதி. "ஆத்தா செய்யாட்டி நாம செஞ்சுக்கிறது" என்றாள். கொல்லையில் குந்தி, ஓர் இலையை உள்ளங்கையில் ஏந்தி, கோலம் போடுகிற விரலால் நரம்புக்கு நரம்பு நடுவே மஞ்சளைத் தடவினாள். நரம்பைத் தொடவில்லை. அடியிலைகளில் தொடங்கி நூல் கட்டியிருந்த இடம் வரைக்கும் ஏறி நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் கந்தப்புவுடையது. முடித்தபோது நோய் வந்திருந்த காலத்தில்கூட அந்தச் செடி அத்தனை இலட்சணமாக இருந்ததில்லை. சபாபதிக்கு அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும். ஆனால் கந்தப்பு என்றொருவர் இருந்தாரே. பெரிய துரை வருகிறார், மூத்த இலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவார், இளைய இலைக்கும் காய்க்கும் மரியாதை என்ன ஆவது என்று அவருக்கு உறக்கமில்லை. செடியில் இரண்டு காய்களின் அடி கறுத்துக் குழிந்திருந்தது அவருக்கு நினைவிருந்தது. அது சுண்ணாம்புச் சத்துக் குறை. சுத்தமாக அவருடைய அதிகாரம். துரையின் மோட்டார் கேட்டைத் தாண்டுகிற நேரத்தில் அவர் இரண்டு கூலிகளோடு பின்பக்கமாக வந்து, கூடை கூடையாக நீற்றின சுண்ணாம்புத் தூளைச் செடியைச் சுற்றிக் கொட்டச் சொன்னார். காற்று அடித்தது. சுண்ணாம்பு பறந்து ஈர இலைகளில் பூப்போலப் படிந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். துரையும் வல்லிபுரமும் கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது, செடியின் கீழ்ப்பாதி ரத்தச் சிவப்பாக இருந்தது.

அங்கே நின்ற கூலிகளுக்குத் தெரியும். கந்தப்புவுக்குத் தெரியும், அவர் கூடையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வல்லிபுரம் குனிந்து ஓர் இலையைத் தொட்டார். விரல் சிவந்தது. முகர்ந்தார். அவருடைய கல்யாணத்தில் எடுத்த ஆரத்தியின் மணம் அவருக்கு மறந்திருக்குமா? சபாபதியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. கொழும்புக் கப்பலின் மேல்தட்டில் பெட்டியோடு நிற்கிற ஒரு மனிதனின் பயம்தான் இருந்தது. அந்தக் கணத்தில் அவர்மேல் சபாபதிக்கு இரக்கமே வந்துவிட்டது. விரலைக் கோட்டுப் பைக்குள் துடைத்துக்கொண்டு அவர் துரையின் பக்கம் திரும்பினார்.

இது விஞ்ஞானம் இதுவரை காணாத குறை என்றார். நைட்ரஜன் குறைந்தால் இலை முழுக்க வெளிறும், பொட்டாஷ் குறைந்தால் ஓரம் கருகும், மக்னீசியம் குறைந்தால் நரம்பிடை மஞ்சளாகும். ஆனால் நரம்பிடை சிவப்பாகுமென்று எந்தச் சீமையிலும் எவரும் சொன்னதில்லை. எந்தத் தாது குறைந்தால் இப்படியாகும் என்று கண்டுபிடிக்க இப்போதிருக்கிற இலாகா போதாது; ஆட்கள் வேண்டும், கட்டிடம் வேண்டும், காலம் வேண்டும். காலம்தான் முக்கியம் என்று இரண்டு தரம் சொன்னார். கந்தப்பு முதன்முறையாக அவர் சொன்னதற்குத் தலையாட்டினார். துரைக்குக் கண் பனித்தது. இதற்காகத்தானே கடல் கடந்து வந்தோம் என்று அவர் தொப்பியைக் கழற்றினார்.

அப்படியாகச் சிவப்பிலைப் பிரிவு பிறந்தது. வல்லிபுரமும் கந்தப்புவும் அதற்குச் சரிசமமான தலைவர்கள். குதிரை லாயத்துக்குப் பக்கத்திலிருந்த மாட்டுக் கொட்டிலுக்கும் வெள்ளையடித்தார்கள். சபாபதியின் பேர் பட்டியலிலிருந்து போனது. குடியிருப்பு அவனுக்கே உறுதியானது. செடி வளர்ந்த மண்ணோ தண்ணீரோ காற்றோ அங்கே வாழ்பவர்களோ மாறினால் குறையும் மாறிவிடலாம் என்பதால், எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடி வைக்கச் சொல்லி உத்தரவாயிற்று. வீட்டையும் கொல்லையையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டு, கதவில் பூட்டும் தொங்கவிட்டார்கள். சாவி இலாகாவில். கேட்டு வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அரிசியும் பருப்பும் சாமானும் வேலிக்கு மேலாக வரும். கேட்ட மஞ்சளும் சுண்ணாம்பும் ஏன் எதற்கென்று கேட்காமல் வரும். அதை வல்லிபுரமே பார்த்துக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. பத்துமலை முருகனிடம் போகிற ஜனம் வேலி ஓரமாகப் பாடிக்கொண்டு போனது. கிள்ளானில் வீரம்மாவின் தங்கை பிள்ளை பெற்றாள் என்று சேதி வந்தது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா, கதவை எப்போது சாமி திறப்பீர்கள் என்று சபாபதி வேலிக்கு உள்ளே நின்று கேட்டான். வல்லிபுரம் குடையைச் சுருக்கிக்கொண்டு, குரலில் அன்போடுதான் சொன்னார்.

"குறை தீர்ந்த உடனே திறந்திடுவம். தீர்ந்தா நீர் எங்க போவீர் எண்டு உமக்குத் தெரியும்தானே? போய் இலையைக் கவனியும்."

கோலாலம்பூரில் மத்தியான மழை தப்பாது. பெய்தால் சாயம் போய்விடும். ஆகவே தினமும் காலையில் வீரம்மா தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். அவள் விரல்கள் சிவந்தது சிவந்தபடியே நின்றுவிட்டன. ஒருநாள் காலை, அப்படிக் கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் யாரோ ஒருவன் ரயில் கேட்டை அடைத்துவிட்டுத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

அவனைக் கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து நிற்கவைத்தாள். யார் கண்ணு பட்டுச்சோ என்று முனகிக்கொண்டே கரைத்த அந்தத் தட்டையே ஆரத்தியாக அவன் தலையைச் சுற்றி மூன்று முறை எடுத்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். சுற்றிய ஆரத்தியை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது, கொண்டுபோய்த் தெருவில்தான் கொட்ட வேண்டும். தட்டோடு வாசல் வரைக்கும் போனாள். வேலிக் கதவு பூட்டியிருந்தது. திரும்பி வந்து, அதைத் தக்காளிச் செடியின் வேரிலேயே ஊற்றினாள்.